ஒஸ்ரின் காருக்கு இரண்டு பின்சில்லு

குலசிங்கத்தாரைப் போல ஒரு வீம்புக்காரரை, கார் திருத்தும் என் கராச்சில் நான் கண்டதில்லை. துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அன்புவழிபுரத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய ஒஸ்ரின் காரை வைத்திருந்தார். முத்தலிப்பாகிய என்னைத் தவிர வேறு எவனையும் அதைத் தொட விடமாட்டார்.

எழுபத்துமூன்றாம் ஆண்டில், மனைவி இராசமலரோடு கப்பல்துறைக்குப் புறப்பட்டார். அங்கே இராசமலரின் தமையன் ஆனந்தராசாவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு. பாதி வழியில் பின்சில்லு ஒன்று ஆணித் துவாரத்தடியில் பிளந்துவிட்டது. உப்புக்காற்று தின்ற சக்கர இரும்பு. மற்றப் பின்சில்லும் அதே கதிதான். இருவரும் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள்.

"மச்சான், இனி நாலு சில்லோட வந்தால்தான் தங்கச்சியை அனுப்புவன்!" என்றார் ஆனந்தராசா, சபைக்கு நடுவில். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானை மச்சான் பகிடி பண்ணாத சடங்கு எங்கே நடந்தது? இந்த மனிதருக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்துவிட்டது. மனைவியை அங்கேயே விட்டுவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார்.

காரை நான்தான் கட்டி இழுத்து வந்தேன். "சில்லுப் பூட்டாமல் அந்த வாசலை மிதிக்கமாட்டன்" என்றார்.

"ஐயா, அது பகிடியெல்லோ?"

"நீ உன்ர வேலையைப் பார்."

வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. கலண்டர் மட்டையில் ஆணித் துவாரங்களை அளவுக்குக் கீறி வெட்டியெடுத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஞாயிறுதோறும் கந்தளாய் பஸ் ஏறுவார். பழைய இரும்புக் கடை, ஆலை, லொறிக் கொட்டில் எல்லாம் ஏறி இறங்குவார். மாரி மழையில் மட்டை நனைந்து ஊதியது தெரியாமல், அதை வைத்துப் பார்த்து இரண்டு சில்லு தூக்கி வந்தார். துவாரம் அரைவிரல் விலகி நின்றது. "படிச்ச மனுசனா நீங்கள்?" என்று கத்திவிட்டேன். பிறகு தகரத்தில் நானே இரண்டு அளவு வெட்டி, ஒன்றை அவருக்குக் கொடுத்தேன்.

ஒருநாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அவர் குசினியில் நின்றபடியே பாண் தின்றுகொண்டிருந்தார்.

"தனிய இருக்க ஏலாமல் கிடக்கு, முத்தலிப்."

"அப்ப போய்க் கூட்டிக்கொண்டு வாங்களேன், ஐயா!"

"சில்லு?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கடைசியில் சில்லு கிண்ணியாவில் என் கண்ணில்தான் பட்டது. ஆதம்பாவா என்ற வண்டிக்காரரின் மாட்டுவண்டிக்கு எங்கேயோ எடுத்த கார்ச்சில்லு இரண்டு பூட்டியிருந்தது. என்னிடமிருந்த தகரத்தை வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

"இதைக் கழட்டினா என்ட மாடு வண்டியைத் தலையில தூக்கிட்டா போகும்?" என்றார் ஆதம்பாவா.

கந்தளாய்ச் சில்லு இரண்டையும் அவருக்குக் கொடுத்து, வண்டி அச்சையும் அதற்கேற்ற மாதிரி மாற்றிக் கொடுத்தேன்.

இப்படியே பதினொரு மாதம் போயிருந்தது. குலசிங்கத்தார் தலைக்கு மை பூசி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். வழியில் நட்டு இளகினால் இறுக்க என்னையும் கூப்பிட்டார். முன்சீற்றில் புதுத் துவாய் விரித்திருந்தது. "அது இராசமலருக்கு. நீ பின்னால ஏறு" என்றார்.

கப்பல்துறையில் ஆனந்தராசா ஓடி வந்து கையைப் பிடித்தார். "மச்சான், அண்டைக்கு நான் பகிடிக்குத்தானே சொன்னனான்!"

இராசமலர் கதவடியில் நின்றார். காரை அவர் பார்க்கவே இல்லை.

"ஞாயிறுக்கு ஞாயிறு இந்த ரோட்டால நீங்கள் பஸ்ஸில போறதைக் கண்டனான். இண்டைக்கு இறங்குவார், இண்டைக்கு இறங்குவார் எண்டு மூண்டு மாசம் உடுப்புப் பெட்டியைக் கட்டி வச்சிருந்தனான். பிறகு அவிட்டுப்போட்டன்."

"சில்லு கிடைக்கேல்லை, இராசம்..."

"நான் சில்லுக் கேட்டனானே?"

இராசமலர் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். குலசிங்கத்தார் முற்றத்தில் அரைமணித்தியாலம் நின்றார். ஆனந்தராசா உள்ளே போய்க் கெஞ்சியும் பார்த்தார். கதவு திறக்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அந்த மனிதரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது.

"போவம், முத்தலிப்" என்றார்.

நான் முன்கதவில் கை வைத்தேன்.

"பின்னால ஏறு" என்றார்.