மேடையில் ஏறியவர் கேள்வி கேட்கக்கூடாது

போன வெள்ளிக்கிழமை, உலையில் அரிசி போடப் போகிற நேரத்துக்கு காதர் வாசலில் வந்து நின்றார். கையில் ரோஸ் கலர் அழைப்பிதழ்.

“மதினி, அண்ணன் இருக்காகளா? அடுத்த மாசம் மாநாடு. ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துரணும்.”

மாநாடு என்றதும் கொடி, கோஷம், ஊர்வலம் என்று நினைத்துவிடாதீர்கள். இது இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் மாநாடு. வருஷா வருஷம் மதுரையில் நடக்கும். இப்போதுதான் திரும்பின பக்கமெல்லாம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறதே... அதில் ஒன்றுக்கு காதரும் ஏஜெண்ட், என் வீட்டுக்காரரும் ஏஜெண்ட்.

தப்பு. என் வீட்டுக்காரர் ஏஜெண்டாக இருந்தவர்.

உள்ளே முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன், மாநாடு என்ற சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்! முகத்தைப் பார்க்க வேண்டுமே... கல்யாண மாப்பிள்ளை கெட்டான்.

“எந்தத் தேதிப்பா? மெட்ராஸ் ஆபீசர் வாராரா? கேள்வி நேரம் உண்டுல்ல?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். நல்ல சேதி சொல்ல வந்தவர் மேல் ஏன் இந்தக் கோபம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

இவர் விற்றது வயசான காலத்துப் பாலிசி. உழைக்கிற வயசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால், உட்காருகிற வயசில் மொத்தமாகக் கைக்கு வரும். திண்டுக்கல்லில் இருந்து பழனி வரைக்கும் பஸ், பஸ் கூரையில் சைக்கிள். அங்கிருந்து நெய்க்காரப்பட்டி, தொப்பம்பட்டி என்று ஊர் ஊராக மிதி.

அந்தப் பக்கம் இதை விற்பது லேசுப்பட்ட காரியமா? வீட்டில் வைத்து வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால், “ஏனுங்க, ரெண்டு பசங்களைப் பெத்து வச்சிருக்கறனுங்க. அவனுங்க சோறு போட மாட்டாங்கன்னு சொல்ல வந்தீங்களா?” என்று பெரியவர் எகிறுவார். மகன்கள் பக்கத்தில் நின்று முறைப்பார்கள். அதனால் இவர் கிணற்று மேட்டுக்குப் போய்விடுவார். இறைப்பு முடிந்து மாட்டை அவிழ்த்துவிடுகிற நேரம். மகன்கள் அந்தப் பக்கம் போனதும் பேச்சை எடுப்பார். அதே பெரியவர், குரலைத் தாழ்த்தி, “பசங்களுக்குத் தெரிய வேண்டாமுங்க” என்று கையெழுத்துப் போடுவார்!

பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை மகன் பார்த்துவிடக்கூடாது... அவ்வளவுதான்.

இப்படி ஊரார் கிழத்தனத்துக்கெல்லாம் ஏற்பாடு செய்தவருக்குத் தன் கிழத்தனம் முழங்கால் வழியாக வந்தது. சம்பளம் கிடையாது. பென்ஷன் கிடையாது. கமிஷன்தான். புதுப் பாலிசி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஏஜென்சியே போய்விடும். அப்படியானால் சைக்கிள் மிதிக்க முடியாத அன்றைக்கு?

“அதைத்தேன் மாநாட்டுல கேக்கப்போறேன்” என்றார், போன மாநாட்டுக்கு முந்தி.

மாநாட்டில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. எந்த ஏஜெண்டும் மைக்கைப் பிடித்துப் பெரிய ஆபீசரைக் கேட்கலாம். வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. “அய்யா, ஊருக்கெல்லாம் உக்கார்ற வயசுக்கு வழி சொல்றோம். எங்களுக்கு முடியாமப் போற அன்னைக்கு என்ன வழிய்யா, அய்யா?” குளிக்கும்போது இது. சாப்பிடும்போது இது. வெஞ்சனத்தில் உப்பு சரியா என்று கேட்டால் அதற்கும் “அய்யா” என்று ஆரம்பிப்பார்.

“எதுக்கு அம்புட்டு அய்யா? ஒண்ணு போதும். நாம என்ன பிச்சையா கேக்குறோம்?” என்று குறைத்துவிட்டது நான்தான்.

ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. “சும்மா ஒருத்தன் கேட்டா உக்காருன்னுருவாய்ங்க. பாலிசி பிடிச்சதுல முதல் இடத்துல வந்தவன் கேட்டா காது குடுப்பாய்ங்க.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த மழைக்காலம் பூராவும் வீங்கின முழங்காலோடு மிதித்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். “மாநாடு வரைக்கும்தானே” என்பார். வந்துவிட்டார், முதல் இடத்துக்கு!

போன வருஷ மாநாட்டுக்கு நான் முகூர்த்தப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கழுத்தில் ரோஜா மாலை. மேடையில், ஆபீசருக்குப் பக்கத்து நாற்காலி. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் நிறைந்துபோனது. பொய் சொல்வானேன்?

கேள்வி நேரம் வந்தது. மைக் மேடையை விட்டுக் கீழே இறங்கியது. இவர் கையைத் தூக்கினார். வணக்கம் வைக்கிறார் என்று நினைத்து ஆபீசர் திருப்பிக் கும்பிட்டார்! முன்வரிசையில் சிரிப்பு. மறுபடியும் தூக்கினார். நிகழ்ச்சியை நடத்தியவர் ஓடி வந்து காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இவர் பிறகு சொன்னார்: “மேடையில இருக்கிறவங்க கேக்கப்படாதுங்க. மரியாதையா இருக்காது.”

எப்படி இருக்கிறது? கேட்பதற்காகத்தானே மனுஷன் முழங்காலைத் தேய்த்து மேடை ஏறினார்... ஏறினதாலேயே வாயை அடைத்துவிட்டார்கள்.

கீழே உட்கார்ந்திருந்த காதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேளுங்கள் என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்துபோகும்போதெல்லாம் ஒத்திகையைக் கேட்டவர்தானே, எழுந்து மைக்கை வாங்கினார். எங்கள் வீட்டுக் கேள்வியை, ஒற்றை “அய்யா”வோடு, ஒரு சொல் பிசகாமல் கேட்டுவிட்டார்.

ஆபீசர் யோசிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே இவர் தோளில் கையை வைத்தார்.

“முடியாமப் போற அன்னைக்கா? இதோ இருக்காரே, உங்க எல்லாரையும் விட மூத்தவர். இவருக்கு முடியலையா? முதல் இடம்! இவர் என்னைக்காவது ஓய்வு கேட்டாரா?”

கைதட்டல்! கூரை பெயர்ந்து விழாததுதான் பாக்கி. இவர் எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பணிவு என்று நினைத்து இன்னும் தட்டினார்கள். முழங்கால் என்று எனக்கல்லவா தெரியும்? அந்த மேடையில் ஏறி நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்கவில்லை.

அதற்கப்புறம் சைக்கிளில் ஏற முடியவில்லை. புதுப் பாலிசி இல்லை. ஏஜென்சியை நிறுத்திவிட்டார்கள். விதிமுறையாம்.

இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா, வராதா?

மோரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இவர் காதரிடம் ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார். “இந்தத் தடவை என்னைய எவனும் மேடையில ஏத்தப்போறதில்ல. கீழதான் உக்காருவேன். தாராளமாக் கேக்கலாம்ல?”

காதர் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். “கேள்வி நேரம் ஏஜெண்டுகளுக்கு மட்டும்ணே. உங்களை விருந்தாளியாத்தேன் கூப்பிட்டிருக்கு.”

இவர் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

“சரிடா தம்பி. அப்ப நீயே இன்னொரு தடவை கேட்டுரு.”

காதர் தலையைத் தூக்கவில்லை. “அண்ணே... இந்த வருசம் மொத எடம் நான்தேன்.”

இவர் காதரின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, மாநாட்டுக்குக் கட்டிப்போக வேட்டியை வெளுக்கப் போடச் சொன்னார்.

வாசகர்களில் யாராவது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இருந்தால், தயவுசெய்து சுமாராக வேலை பார்த்து, மாநாட்டில் கீழேயே உட்காருங்கள்... கேள்வி எங்கள் வீட்டில் தயாராக இருக்கிறது.