கடைசிப் பந்தி

காலை ஆறு பத்து. சாப்பாட்டு மேசையில் எங்கள் பத்திரிகை விரித்துக் கிடந்தது. முதலில் கண்ணில் பட்டது அக்காவின் விரல். வாசகர் கடிதங்கள் பக்கத்தில், அவளுடைய கடிதத்தின் கடைசி வரிக்குக் கீழே, வெறும் தாளில் அது நின்றது.

"மிச்சம் எங்க?"

"இடம் காணேல்லை அக்கா. பின்னேரம் ரெண்டு மரண அறிவித்தல் வந்திட்டுது."

"செத்தவைக்கு இடம் குடுத்திட்டாய். நல்லது. இருக்கிறவைக்கு என்ன அவசரம்?"

தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் அந்தப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். கடிதப் பக்கம் என் பொறுப்பு. கொரோனா ஊசி யாருக்கு முதலில் என்ற சண்டை அந்தப் பக்கத்தில் வாரக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், வீட்டில் போனுக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பிக்கிறவர்களுக்கு எதற்கு முன்னுரிமை என்று கேட்டிருந்தார். கொழும்பு, புறக்கோட்டை வியாபாரி ஒருவர், தன் கடையில் சுமை இறக்கும் நாட்டாமிமார் சூமில் மூட்டை தூக்க முடியாது என்று எழுதினார். ஒரு பஸ் கொண்டக்டரின் மனைவி தன் கணவர் தினமும் எத்தனை கைகளிலிருந்து சில்லறை வாங்குகிறார் என்று கேட்டாள். எல்லாருடைய கதையிலும் நியாயம் இருந்தது. இன்னொருவரைப் பின்னுக்குத் தள்ளாத கடிதம் ஒன்றுகூட வரவில்லை.

பத்திரிகைக்காரர்களுக்கு அதற்கு முன்னரே ஊசி போட்டாகிவிட்டது. அதைக் கேள்வி கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் நான் பிரசுரிக்கவில்லை. ஊசி போட்ட அன்று எனக்குக் காய்ச்சல் வந்தபோது பனடோல் தந்தது அக்காதான். "ஒரு வீட்டில ஒராளெண்டாலும் தப்பட்டும்" என்றாள்.

அவளுக்கு நீரிழிவு இருந்தது, சீனி வருத்தம். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போய், பதினொரு வருடமாக ஒரே பாடசாலையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். ஆனால் அவள் அரசாங்க நியமனம் பெற்ற ஆசிரியை இல்லை. அவளுக்குச் சம்பளம் கொடுத்தது பெற்றோர் நடத்தும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். வகுப்பில் நிற்கும்போது டீச்சர். வலயக் கல்வி அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் ஆளே இல்லை.

கடிதத்தில் அவள் எழுதியது இதைத்தான். முதலில் எழுதுவினைஞருக்குப் பதில். பிறகு ஒரு யோசனை: வலய அலுவலகங்களிடம் சம்பளப் பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது, அதை வைத்து ஒரே நாளில் வேலையைத் தொடங்கலாம். கடைசிப் பந்தியில், அந்தப் பட்டியலில் இல்லாமல் வகுப்பில் நிற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பாடசாலை அதிபர் உறுதிப்படுத்திச் சேர்க்க வேண்டும். கடிதம் முழுவதும் அந்தப் பந்திக்காகத்தான் எழுதப்பட்டது.

செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானது மேலே, மற்றது கீழே என்று நிருபருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதால், இடம் போதாவிட்டால் வாசிக்காமலே கடைசிப் பந்தியை எடுத்துவிடலாம். அக்கா நிருபர் இல்லை. எனக்கு அது தெரியும். கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பந்தியை நான் வாசித்திருந்தேன். நாளைக்கும் பத்திரிகை வரும்தானே என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் ஆசிரியர்களுக்கு ஊசி என்று அறிவிப்பு வந்தது. வீட்டுப் பக்கத்திலேயே போடலாமா என்று கேட்டதற்கு எங்கள் பகுதிக் கிராம சேவகர், பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள் பாடசாலையில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் லீவு போட்டுவிட்டு அக்காவுடன் ஓட்டோவில் போனேன். அவள் விசேஷ நாளுக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தாள்.

பாடசாலை மண்டபத்தில் பத்துப் பதினைந்து கதிரைகள், தள்ளித் தள்ளி. மேசையில் சுகாதாரப் பரிசோதகர் பட்டியலில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

"மிஸ்கே நம நெஹெனே."

பெயர் இல்லை என்பதை அவர் மரியாதையாகவே சொன்னார். அக்கா சிங்களத்தில், இங்கே பதினொரு வருடம் என்றாள். அவர் தலையாட்டினார். பட்டியலைத் திருப்பி அவளுக்கே காட்டினார்.

அதிபர் எழுந்து வந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே சங்கடப்பட்டார்.

"டீச்சர், நீங்க எழுதினபடிதானே எல்லாம் நடந்தது? சம்பளப் பட்டியலை வைச்சுத் தொடங்கலாமெண்டு எவ்வளவு வடிவா எழுதியிருந்தீங்க. நான் அதை வலயத்துக்கும் அனுப்பினனான்."

போனில் எங்கள் பத்திரிகையின் படத்தைக் காட்டினார். அதிபர்மாரின் வட்ஸ்அப் குழுவில் அது சுற்றியிருந்தது. கடிதத்தின் அடியில் அக்காவின் பெயரும் பாடசாலையின் பெயரும் தெளிவாக இருந்தன.

நான் வாய் திறக்கப் போனேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"ஓம் சேர். நான்தான் எழுதினனான்."

பக்கத்துக் கதிரையில் சட்டைக் கையை மடித்துவிட்டபடி இருந்த இளம் ஆசிரியை, "மிஸ், அப்ப நீங்களே உங்களுக்கு ஆப்பு வைச்சிட்டீங்க" என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

திரும்பும்போது ஓட்டோ புறக்கோட்டையைத் தாண்டியது. அக்கா, "அந்த மிச்சத்தை நாளைக்குப் போடு" என்றாள்.

"அப்பிடிப் போடுறேல்லை அக்கா. பிழை விட்டாத்தான் திருத்தம் போடலாம். இது சுருக்கினது."

"அப்ப நான் ஆர்? பிழையா, சுருக்கினதா?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையின் ஆசிரிய பீடத்துக்குப் போன் எடுத்து, விட்ட பந்தியைப் போடலாமா என்று கேட்டேன். கடிதம் எழுதியவர் எனக்கு என்ன முறை என்று கேட்டார்கள். சொன்னேன். அப்படியென்றால் வேண்டவே வேண்டாம் என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை.

பாடசாலை திறக்க முன்னர் அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஊசி போடாதவர் பிள்ளைகளின் வகுப்பில் நிற்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். எங்கள் பத்திரிகையில் அதே கருத்தில் வந்த கடிதங்களை நான்தான் தலைப்புப் போட்டுப் பிரசுரித்திருந்தேன். அக்காவுக்குப் பதிலாக நியமனம் உள்ள ஒருவரை அடுத்த பாடசாலையிலிருந்து எடுத்தார்கள். பெயர்ப் பட்டியலும் பிள்ளைகள் வரைந்த படங்களும் இருந்த கோப்பு ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவளுடைய வயதுக்காரர்களின் முறை வந்தபோது வெள்ளவத்தையிலேயே ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி அட்டையைப் படம் எடுத்து அதிபருக்கு அனுப்பினாள். அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். வகுப்புக்கு வரச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நான் செய்த கடிதப் பக்கத்தில் மூன்று அங்குலம் மீதம் இருந்தது. 'வாசகர்களே, உங்கள் கருத்துகளை எழுதி அனுப்புங்கள். கடிதங்கள் சுருக்கமாக இருத்தல் வேண்டும்' என்ற பெட்டியை வைத்து நிரப்பினேன்.