சந்தனம் துடைத்த மானிட்டர்

ஒன்றுமே தெரியாத திரையின் முன் உட்கார்ந்து, ஒருவருடைய ஆய்வேட்டை முழுதாக அழித்தவன் நான்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் தட்டச்சு மையம் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கும் சந்தனம் பூசி, மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு. உள்ளே கம்ப்யூட்டரை இயக்கும் 'டாஸ்' மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். ஃப்ளாப்பியைச் செருகி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் கட்டளையை மனப்பாடமாக அடித்தேன். பெட்டி வெகுநேரம் கரகரத்தது. திரையோ அப்படியேதான் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தட்டச்சுக்குக் கொடுத்திருந்த, தாமிரபரணி மீன்களைப் பற்றிய ஆய்வேட்டை வாங்க வந்த பேராசிரியர், மானிட்டருக்கு அடியிலிருந்த வெளிச்சத் திருகைப் பையத் திருப்பினார். வெளிச்சம் வந்தது. துடைத்த வேகத்தில் நான்தான் அதைக் குறைத்திருக்கிறேன்.

"எங்கவே என் மீனெல்லாம்?"

நடந்ததைச் சொன்னேன். ஃப்ளாப்பியில் பிரதி எடுத்து வைக்கவில்லை என்பதையும்.

"கம்ப்யூட்டர் தெரியாதது தப்பில்ல வே. தெரியும்னு வாசல்ல போர்டு வச்சீரு பாரும், அதான் தப்பு."