ஒக்தாவின் பெயர்

புக்கரெஸ்டில் நோட்டு அச்சிடும் கூடத்தில் ஸம்ஃபிர் பத்தொன்பது வருடமாக எழுத்து மட்டும் வெட்டினார். கள்ள நோட்டு அடித்தால் கடுங்காவல் என்ற எச்சரிக்கை வரியை எஃகுத் தகட்டில் இடவலம் மாற்றி வெட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. ஆனால் நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் பெயர் வருவது படம் வெட்டியவருக்கு மட்டும்தான்.

புது ஐந்நூறு லெய் நோட்டுக்கு, நூல் நூற்கும் குடியானவப் பெண்ணின் படத்தை வெட்டியவன் ஒக்தாவ். முப்பது வயதுகூட ஆகவில்லை. பாரிசில் படித்த பவிசு வேறு. அவன் பெயரையும் ஸம்ஃபிர்தான் வெட்ட வேண்டும். எழுத்து என்றால் அவர் மேஜைக்குத்தானே வரும்? வயிறு பற்றி எரிந்தது மனிதருக்கு. மனைவி லெயொன்டினா கட்டிக்கொடுத்த மக்காச்சோளக் களியைத் தொடாமலே மூடி வைத்தார்.

கோணலாக வெட்டினால் மாட்டிக்கொள்வார். அதனால் மயிரிழை ஆழத்துக்கு மட்டுமே வெட்டினார். முதல் அச்சில் பளிச்சென்று தெரியும். தகட்டில் மை தடவித் தடவித் துடைப்பதில் சில மாதங்களில் தேய்ந்து, பெயர் இருந்த இடமே தெரியாது. அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினார்.

முதல் அச்சு வந்த அன்று ஒக்தாவ் பூதக்கண்ணாடியும் கையுமாக ஓடி வந்தான்.

“அண்ணே, என் பேரா இது! என்னமா இழைச்சிருக்கீங்க! என் படம் இதுக்குப் பக்கத்துல நிக்குமா?”

“போடா, எங்கிட்டயே கதை அளக்காத.”

“சத்தியமாண்ணே. டைரக்டர்கிட்ட சண்டை போட்டு உங்க பேரையும் போட வச்சிட்டேன். என் பேருக்குப் பக்கத்துலயே. ஆனா ரெண்டும் ஜோடியா இருக்கணுமாம். அளவும் ஆழமும் கொஞ்சம்கூட மாறக்கூடாதாம்.”

ஸம்ஃபிர் தகட்டைத் தன் பக்கம் இழுத்தார். “உன் பேர இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டட்டுமா?”

“ஐயையோ, தொட்டுடாதீங்க! டைரக்டர் பாத்து கையெழுத்தே போட்டுட்டாரு. ஏன், அதுல என்ன குறை?”

ஸம்ஃபிர் உளியை எடுத்தார். பத்தொன்பது வருடம் ஏங்கிய தன் பெயரை அதே மயிரிழை ஆழத்தில் தானே வெட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது லெயொன்டினா வாசலுக்கே வந்துவிட்டாள். “ஏங்க, ஒக்தாவ் தம்பி சொல்லிட்டுப் போச்சு. தெரு முழுக்கச் சொல்லிட்டேன், உங்க பேரு நோட்டுல வருதுன்னு!”

“முதல்ல வர்ற நோட்டையே காட்டிடு,” என்றார் ஸம்ஃபிர். “நாள் கடத்தாத.”