சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள்

மாதையன் சார் இறந்த செய்தியை எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நம் திரைப்பட வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், வரப்போகும் ஒரு போலீஸ் படத்தின் முன்னோட்டத்துக்கும் யாரோ ஒருவருடைய மகளின் பிறந்தநாள் படத்துக்கும் நடுவில் அது கிடந்தது. விடியற்காலையில் மாரடைப்பு, மாலையில் அதியமான்கோட்டை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று இரண்டு வரி. கீழே கூப்பிய கைகள் வரிசையாக நின்றன. நான் கூப்பவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாங்கள் இருவரும் ஆறு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும் பலருக்கு அது தெரியும். காரணமும் தெரியும். அப்படியிருந்தும் மறுநாள் வட்டத்தின் செயலாளர் குமரவேல் இந்த அஞ்சலியை என்னிடம்தான் கேட்டார். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். "நீங்கதானுங்க சார் அவருக்கு நெருக்கம்" என்றார். நெருக்கமாக இருந்தவனுக்குத்தான் குத்து ஆழமாக விழும் என்று சொல்ல நினைத்தேன். எழுதுகிறேன் என்றேன்.

தருமபுரியில் ஒரே அரசுப் பள்ளியில் பல ஆண்டுகள் நாங்கள் ஆசிரியர்களாக இருந்தோம். அவர் வேதியியல், நான் ஆங்கிலம். ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடுத்த மேசை அவருடையது. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மேசையைப் பூட்டிவிட்டு, "கெளம்பலாமுங்களா?" என்பார். எந்தப் படம் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. குடும்பப் படமோ கொலைப் படமோ, வந்ததைப் பார்ப்போம். அவர் வண்டியை ஓட்டுவார், நான் பின்னால் உட்காருவேன்.

படம் முடிந்ததும் அவர் உடனே கிளம்ப மாட்டார். வண்டி ஸ்டாண்டின் தூண் ஒன்றில் சாய்ந்துகொண்டு, வெளியே வருகிறவர்களைப் பார்ப்பார். முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது. பசி வேறு. என்ன சார் பார்க்கிறீர்கள் என்றேன். "படம் எப்படின்னு உள்ள தெரியாதுங்க. இங்கதான் தெரியும்" என்றார். வந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களைக் காட்டினார். "இவங்க மனசுல ஒண்ணும் ஒட்டல. அப்படியே சுத்தமா வூட்டுக்குப் போறாங்க." பிறகு, வண்டிமேல் கை வைத்தபடி கூட வந்தவனிடம் பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் காட்டினார். "சாவியக் கையில வச்சுக்கிட்டு நிக்கறான் பாருங்க, கெளப்ப மனசில்லாம. அவனுக்குத்தான் இந்தப் படத்த எடுத்திருக்காங்க."

அவருடைய தீர்ப்புகளை நீங்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்றிரண்டு வைத்திருப்பீர்கள். பெரும்பாலானவை சொல்லப்பட்டபோது பக்கத்து இருக்கையில் இருந்தவன் நான். ஒரு குடும்பப் படத்தில் தாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, மூன்று மகன்களிடமும் தனித்தனியாகப் பேசி, ஒரு பாட்டும் கேட்டுவிட்டு இறந்தாள். அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. இவர் என் காதில், "அந்தம்மா சாவறதுக்குள்ள நான் ரெண்டு தடவ செத்துட்டேனுங்க" என்றார். முன் வரிசைப் பெண்மணி ஒருவர் திரும்பி முறைத்தார். "நீங்க அழுவுங்கம்மா. நீங்க அழுவறது உங்க வூட்டு ஞாபகத்துக்கு. அதுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்று அவரிடமே சொன்னார். அந்த அம்மாள் திட்டப்போகிறார் என்று நான் ஒடுங்கினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

கொலைப் படங்களில் அவருக்குப் பிடிக்காதவை மூன்று. முதலாவது மழை. எந்தக் கொலையும் கொட்டும் மழையில்தான் நடக்க வேண்டும் என்று சட்டமா என்பார். "நம்மூர்ல இப்படிப் பேஞ்சிருந்தா நாம எதுக்குங்க தண்ணி லாரிக்கு நிக்கறோம்?" இரண்டாவது, போலீஸ்காரர் தன் அறைச் சுவரில் புகைப்படங்களை ஒட்டிச் சிவப்பு நூலால் இணைக்கும் காட்சி. "இத்தன நூலுக்கு ஒரு போர்வை நெய்ஞ்சிருக்கலாம்." மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார். கடைசியில் பிடிபட்ட கொலைகாரன், தன்னைச் சின்ன வயதில் யார் யார் என்ன செய்தார்கள் என்று கால் மணி நேரம் சொல்லுவான். நாம் இரக்கப்பட வேண்டும். "கொன்னவனுக்கு பிளாஷ்பேக் வைக்கறாங்க. செத்தவனுக்கு யாருங்க வைக்கறாங்க?" என்பார்.

எல்லாவற்றையும் கடித்துத் துப்பியவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மலைக் கிராமத்து விவசாயி ஒருவன் தன் மாட்டை விற்கச் சந்தைக்கு நடந்துபோகும் படம் ஒன்று வந்தது. வத்தல்மலைக்கு ஏறுகிற பாதை மாதிரியே வளைந்து வளைந்து ஒரு பாதை. படம் நெடுக நடைதான். இடைவேளைக்குள் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். நானும் போகலாம் என்றேன். அவர் அசையவில்லை. முடிந்து வெளியே வந்தபோது ஸ்டாண்டில் எங்கள் வண்டி மட்டும் இருந்தது. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஒருத்தரும் என்னை அழச் சொல்லலீங்க. அதான் அழுதுட்டேன்" என்றார். நான் அந்தப் படத்தில் தூங்கிவிட்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னபோது, "தூங்குனது நல்லதுதான், குறட்ட விட்டிருந்தாத்தான் பேசியிருக்க மாட்டேன்" என்றார்.

இந்த வாயால் அவர் இழந்தவை கொஞ்சமல்ல. எங்கள் தலைமையாசிரியர் ஒருவரின் மைத்துனர் ஒரு படம் தயாரித்தார். பள்ளியே குடும்பத்தோடு போய்ப் பார்த்துப் பாராட்டியது. நானும் பாராட்டினேன். தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்கே வந்து, "மாதையன், மச்சான் படம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேனுங்க ஐயா. மச்சான் நல்ல மனுசருங்களா?"

"தங்கமான மனுசன். ஏன்?"

"அப்படீன்னா இன்னொண்ணு எடுக்க வுடாதீங்க."

அந்த ஆண்டு முழுவதும் எந்தத் தூரத்துத் தேர்வுப் பணி என்றாலும் அவர் பெயரையே எழுதி அனுப்பினார்கள். தீர்த்தமலைப் பக்கம்வரை பஸ் மாறி மாறிப் போய் வந்தார். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "மறுபடியும் அந்தப் படத்தப் பாக்கறதுக்கு பஸ்ல போறது தேவலைங்க" என்றார். முகத்துக்கு நேரே பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் எனக்கு நண்பர் என்று அன்று கர்வப்பட்டேன். அந்தக் கர்வம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

என் படத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மாங்கூழ் ஆலை ஒன்றில் காவலாளி கொல்லப்படுகிறான். கொன்றது ஆலையின் கணக்குப்பிள்ளை. நாற்பது நிமிடப் படம். கதை, வசனம், இயக்கம் எல்லாம் நான். மூடிக் கிடந்த ஒரு புளிக் கிடங்கை ஆலையாக மாற்றி, ஓர் ஆண்டு முழுக்க விடுமுறை நாட்களில் எடுத்தேன். மற்றவர்களின் பாடங்களை மாணவர்களுக்கு விளக்கியே வாழ்க்கை போய்விட்டது, எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்ற ஆசை. அது ஒன்றுதான் அந்த வயதில் எனக்கு மிச்சம் இருந்த ஆசை.

வட்டத்தின் ஆண்டு விழாவில் திரையிடுவதற்கு ஒரு மாதம் முன்பு, மாதையன் சாரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். வேறு யாருக்கும் காட்டவில்லை. அவர் ஒருவர் சொன்னால் போதும் என்று இருந்தேன். படம் முடிந்தது. "நல்லா இருக்குதுங்க சார்" என்றார். எங்காவது வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். "ஒண்ணும் கை வெக்காதீங்க" என்றார். என் மனைவி டீ எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் வாசலில் இருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது.

நான் கை வைக்கவில்லை. விழா அன்று கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முடிவுக் காட்சியில் போலீஸ்காரர் கிடங்கின் கதவை மெதுவாகத் திறக்கிறார். உள்ளே இருப்பது யார் என்பதை மறைக்க நான் முப்பத்தொன்பது நிமிடம் பாடுபட்டிருந்தேன். கதவு பாதி திறக்கும்போதே கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அட, அந்தக் கணக்குப்பிள்ளைதான்டா, சீக்கிரம் தொற!" என்றது. மண்டபம் சிரித்தது. அன்று சிரித்தவர்களில் சிலர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

அதையும் தாங்கியிருப்பேன். வெளியே வண்டிகளுக்கு நடுவே குமரவேல் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது. "மாதையன் சார் போன மாசமே சொல்லிட்டாருங்க. கணக்குப்பிள்ளை முதல் காட்சியிலயே பொணத்தக் கட்டிக்கிட்டு ஓவரா அழுவறான், அப்பவே அவன்தான்னு தெரிஞ்சுபோவுது, அந்த ஒரு அழுகைய வெட்டிட்டா படம் நிக்கும்னாரு."

ஒரே ஒரு அழுகை. அரை நிமிடம்கூட இராது. அதை வெட்டினால் படம் நின்றிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குச் சொல்ல வாய் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில், "கெளம்பலாமுங்களா?" என்று அவர் கேட்டபோது நான் விடைத்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. அடுத்த மாறுதல் கலந்தாய்வில் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதன்பின் நான் படம் எடுக்கவில்லை. அவரோடு படம் பார்க்கவும் இல்லை. தெருவில் எதிரே வந்தால் கடைக்குள் திரும்பிக்கொள்வேன். எல்லாரிடமும் உண்மை பேசி என்னிடம் மட்டும் பொய் சொன்னவரை, எல்லாரிடமும் பொய் பேசுகிறவரைவிடக் கேவலமானவராக நினைத்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ள முழு மனது வரவில்லை.

ஞாயிறு மாலை அதியமான்கோட்டைக்குப் போனேன். போக வேண்டுமா என்று மதியம்வரை யோசித்துவிட்டுத்தான் போனேன். பந்தலில் நுழைந்ததும் அவர் மனைவி சரோஜா அக்கா என்னைப் பார்த்துவிட்டார். அழுகையை நிறுத்தாமல், அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டார்:

"இப்பத்தான் வூடு தெரிஞ்சுதுங்களா சார்? ஊரையே பகைச்சுக்கிட்டாரே மனுசன்! கூட ஒக்காந்து படம் பாக்க ஒரு ஆளாவது வேணும்னுதான உங்ககிட்ட மட்டும் பொய் சொன்னாரு! அந்தப் பொய்யும் அவருக்கு ஒதவலையே! ஆறு வருசமா தனியாப் போயித் தனியா வந்தாரே!"

பந்தல் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் மாலையை வைத்துவிட்டு ஓரமாக வந்து நின்றேன். அக்கா சொன்னது காரணம். மன்னிப்பு அல்ல. பயந்து சொன்ன பொய்யும் பொய்தான். ஆனால் அப்போதுதான் அந்த நாள் எனக்கு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. டீயைக்கூடக் குடிக்காமல், செருப்பைச் சரியாக மாட்டாமல், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன மனிதர். படம் முடிந்தபின் ஸ்டாண்டில் நிற்காமல் அவர் கிளம்பி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாயால் சொல்ல முடியாததை அப்படிச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது போதாது. நண்பனுக்கு ஜாடை எதற்கு? வாய் வேண்டும்.

சுடுகாடு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். லாரிகளின் இரைச்சலில் சடங்குகள் நடந்தன. மகன் கொள்ளி வைத்தான். அதன்பின் யாரும் நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல் போய்க் குளிக்க வேண்டும். நம் பக்கத்து வழக்கம் அதுதான். நான் சாவியை எடுத்துக்கொண்டு வேகமாக வண்டிகள் நின்ற இடத்துக்கு வந்தேன்.

ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

முப்பது நாற்பது பேர் ஆளுக்கொரு வண்டிமேல் கை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிவப்பு நூலைச் சொன்னார். இன்னொருவர் தண்ணி லாரியைச் சொன்னார். யாரோ சிரித்தார்கள், சுடுகாட்டு வாசலில். பெரியவர் ஒருவர், "நிக்கக் கூடாதுப்பா, கெளம்புங்க" என்றார். சொன்னவரும் நின்றார். குமரவேல் என்னைப் பார்த்துத் தயங்கி, "சார், அந்தம்மா கட்டில்ல செத்த படம்... முன்னாடி சீட்டு அம்மாகிட்ட என்னமோ சொன்னாராமே, நீங்கதான கூட இருந்தீங்க?" என்றார்.

விழா அன்று வெளியே அப்படிப் பேசிய குமரவேலுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று ஆறு ஆண்டுகளாக வைத்திருந்தேன். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அந்த அம்மாள் "அதுவும் சரிதான்" என்றதுவரை.

மாதையன் சார், செத்தவனுக்கு யார் பிளாஷ்பேக் வைக்கிறார்கள் என்று கேட்பீர்களே, இதோ நான் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்குச் சொல்லாத மாதிரி இல்லாமல், நேராகவே சொல்கிறேன். படம் நன்றாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும், என் வீட்டுக் கூடத்தில், நீங்கள் பொய்யாக நடித்தீர்கள். அரை நிமிடம்தான். அதை வெட்டியிருக்க வேண்டும்.

அந்த அரை நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை. அது என்னோடு இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும் உங்கள் பழக்கமும் இருக்கும். அன்று மாலை வெளிச்சம் போகும்வரை சாவி என் கையில்தான் இருந்தது.