அமுக்குங்க, ரெண்டு, மூணு

எங்கள் நர்சிங் வகுப்பில் கேமரா போன் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த காலம். பிறந்த குழந்தைக்கு மூச்சு வராவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியை ஒரு பொம்மையை வைத்துச் செய்துகாட்ட, அதைப் படம் பிடித்து, கொல்லிமலைக்குப் பயிற்சிக்குக் கிளம்பிய எங்கள் போன்களில் ஏற்றிக் கொடுத்தார்கள். மலை ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. "பயிற்சிக்கு வந்தியா, படம் பார்க்க வந்தியா?" என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே இருவருக்கும் முட்டல்தான்.

அன்று மதியம் நல்ல மழை. வாசலூர்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவருக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்தது, அழவில்லை. துடைத்து, முதுகைத் தேய்த்தும் துவண்டே கிடந்தது. அதே நேரம் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்சம்மாவின் இரு கைகளும் அங்கே.

"கொழந்தைய நீ பாரு!" என்றார்.

எனக்குப் படித்ததெல்லாம் ஒரேயடியாக மறந்துவிட்டது. ஜன்னலோர மேசையில் குழந்தையைக் கிடத்தி, பக்கத்தில் போனைச் சாய்த்து, சத்தத்தைக் கூட்டினேன். நர்சம்மா முறைத்தார். முறைக்கட்டும்.

"அமுக்கு, ரெண்டு, மூணு" என்றது ஆசிரியையின் குரல். மூக்கையும் வாயையும் சேர்த்து முகமூடியைப் பொருத்தி, காற்றுப் பையை அந்தக் கணக்குக்கு அமுக்கினேன். குழந்தையின் நெஞ்சு லேசாக ஏறி இறங்கியது.

அப்போது போன் அடித்தது. எங்கும் கிடைக்காத சிக்னல், பாழாய்ப்போன அந்த ஜன்னலில்தான் கிடைக்கும். பாடம் நின்று, சினிமாப் பாட்டு அலறியது. அணைக்க எனக்குக் கை ஏது? பதற்றத்தில் பையைக் கண்டபடி அமுக்கினேன். நெஞ்சு ஏறவில்லை. செத்துவிடும், என் கையிலேயே செத்துவிடும் என்று நினைத்தேன்.

"அமுக்குங்க... ரெண்டு... மூணு..."

கட்டிலில் கிடந்த தாய்தான். வெளுத்துப்போன உதடுகளால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தாத சாமி, சொல்லு," என்றார் நர்சம்மா, தன் வேலையை விடாமல்.

பாட்டு ஓய்ந்தது. அந்தப் பெண்ணின் குரலுக்கு என் கை மெல்ல அடங்கியது. நெஞ்சு மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒரு தரம் விக்கியது, பிறகு வீறிட்டது. தாய்க்கும் ரத்தம் மட்டுப்பட்டிருந்தது.

"அழுவுதுங்க, உங்க கொழந்த அழுவுதுங்க," என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தையைக் கொண்டுபோய் அவர் நெஞ்சின்மேல் கிடத்தும்வரை, "அமுக்குங்க, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.