மாமா அழுக்காக்கிய இங்கிலாந்து

எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலாந்தை மிதித்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. விசா, விமானம் எதுவும் தேவைப்படவில்லை. ஈசா டவுனில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் காரில் ஏறினால், பின்சீட்டில் தம்பியோடு ஒரு சண்டை போட்டு முடிப்பதற்குள் இங்கிலாந்து வந்துவிடும்.

பஹ்ரைனில் அந்தச் சமயம் மால் மேல் மாலாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்குள், சாப்பாட்டுக் கடைகள் வரவேண்டிய இடத்தை அப்படியே ஓர் ஆங்கிலேய ஊரின் பழைய கடைவீதியாக்க வேண்டும் என்று அதன் முதலாளிக்கு ஆசை வந்திருந்தது. லண்டன் அல்ல. "லண்டனெல்லாம் பெரிய ஊரு. இது நம்ம ராமநாதபுரம் மாதிரி, கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, சந்தை எல்லாம் இருக்குமே, அப்படி ஒரு மாவட்டத் தலைநகரு" என்று மாமா எனக்கு விளக்கினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் பழைய வீடுகளுக்கு வெள்ளையடித்துப் புதுசாக்கிக்கொண்டிருந்தவர். இங்கே அவருக்குக் கிடைத்தது நேர் எதிரான உத்தியோகம். புத்தம் புதிதாக நிற்கும் சுவர்களை நானூறு வருடப் பழசாக்க வேண்டும்.

அந்த ஆங்கிலேய ஊரிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். அவர் கொடுத்த புகைப்படக் கட்டு ஒன்றை மாமா வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். சாப்பாடு ஆனதும் நானும் அவரும் தரையில் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவோம். வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாக மரச்சட்டங்கள் தெரியும் வீடுகள். தூண்கள் மேல் நிற்கும் ஒரு சந்தைக் கட்டடம். கீழே வெண்ணெய் விற்பார்களாம், மாடியில் நீதிபதி வழக்கு விசாரிப்பாராம்.

"இத்தனை கட்டை ஏன் மாமா வெளியே தெரியுது?" என்று கேட்டேன்.

"கான்கிரீட் போட்டுட்டு சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மறந்துட்டாய்ங்க போல. நானூறு வருசமா ஒருத்தனும் கேக்கலை" என்றார் மாமா.

மாடி மட்டும் தெருவுக்குள் துருத்திக்கொண்டிருப்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கீழே இருப்பது சர்க்கார் இடம், மேலே இருப்பது ஆகாயம். ஆகாயத்துக்கு எவன் வரி கேட்பான் என்று எட்டிக் கட்டிவிட்டார்களாம். அடுத்த வாரமே இந்த இரண்டையும் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். டீச்சர் என்னை உட்காரச் சொன்னார்.

மாமாவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. முப்பது தாண்டிவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடங்களுக்கு ஸ்டூடியோவில் அருவிப்படத் திரைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவை அனுப்பி, இரண்டும் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக மானாமதுரைப் பக்கம் ஒரு பெண். அம்மா அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்ததுமே மனதுக்குள் தாலி கட்டிவைத்துவிட்டாள். அருவி ராசியில்லை, இந்த முறை நல்ல கட்டடம் ஒன்றின் முன்னால் எடுக்கலாம் என்றாள். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் இங்கிலாந்துக்குக் கிளம்பினோம்.

உள்ளே போனதும் நான் வாயைப் பிளந்தேன். மழையே காணாத ஊரில் அத்தனை வீட்டுக் கூரைக்குக் கீழேயும் மழைநீர் வழிந்த கறை. சுவரோரம் பாசி. தொட்டுப் பார்த்தால் பச்சைப் பெயின்ட். மரச்சட்டங்கள் என்று நினைத்ததைத் தட்டினால் தண்ணீர்த் தொட்டி மாதிரி டொக் டொக்கென்று சத்தம். மாமா மெல்லிய பிரஷ்ஷால் ஒரு சுவரில் விரிசல் ஒன்றை இழுத்துக் காட்டினார். அது கிளை பிரிந்து ஓடியபோது சுவர் நிஜமாகவே விழுந்துவிடும் என்று தம்பி அழ ஆரம்பித்தான். மாமாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அசலைப் போலவே சாய்த்துக் கட்டியிருந்த, அவர் மிகவும் ரசித்து அழுக்காக்கிய வீட்டின் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையும் ஒருபக்கமாகச் சாய்த்த தலையுமாக நின்றார். அப்பா படம் எடுத்தார்.

லீவில் ஊருக்குப் போன அப்பாவின் நண்பர் மூலம் போட்டோ மானாமதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. கூட ஒரு வரி விளக்கம் எழுதி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா போன் கார்டைச் சுரண்டி மானாமதுரைக்குப் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பெண்ணின் அப்பா பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தப்பா நெனைக்காதீகம்மா. பையனைக் குறை சொல்லலை. ஆனா வீடு ஒரு பக்கமா சாஞ்சில்ல நிக்குது. செவரெல்லாம் பாசி. மேலயிருந்து கீழ வரைக்கும் விரிசல். இத்தனை வருசம் வெளிநாட்டுல இருந்தும் ஒரு வெள்ளையடிக்க வக்கில்லையா? அதுவும் பெயின்டர்ங்கிறீக."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது வீடே இல்லை, மால் என்றாள். புதுசு என்றாள். அதைப் பழசாக்குவதுதான் தம்பியின் வேலை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய்யாகத் தோன்றியிருக்க வேண்டும், குரல் இறங்கிக்கொண்டே போனது.

"கட்டின வீட்டைக் காசு குடுத்து எவனாச்சும் அழுக்காக்குவானா தாயி? விடுங்க, இது சரிப்படாது" என்றார் அவர்.

சோபா விளிம்பில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்ன நினைத்தாளோ, ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரில் கத்திவிட்டு, அதை என் காதில் திணித்தாள்.

"புள்ள பொய் சொல்லாதுல்ல? இவளும் வந்திருந்தா, இவகிட்ட கேளுங்க!"

நான் மூச்சு விடாமல் பேசினேன். மாமாதான் எல்லாவற்றையும் டர்ட்டி பண்ணினார், முதலில் எல்லாம் பிராண்ட் நியூவாக இருந்தது, ஸ்பாஞ்ச் வைத்துப் பண்ணினார். மறுமுனையில் பெரியவர் திணறுவது கேட்டது. "இந்தப் புள்ள என்னமோ இங்கிலீசுல சொல்லுது. நீ என்னன்னு கேளு" என்று போனை யாரிடமோ கொடுத்தார். வந்தது ஓர் இளம்பெண்ணின் குரல்.

"சொல்லும்மா. அந்தப் பாசி?"

"கிரீன் பெயின்ட்."

"விரிசல்?"

"அதுவும் மாமா போட்டதுதான். என் தம்பி பயந்து அழுதுட்டான்."

அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் போனில் நான் கேட்டதில்லை, எனக்கும் தெம்பு வந்துவிட்டது. மாமா நிஜமாக எங்கே இருக்கிறார் என்று கேட்டார். "லேபர் கேம்ப்ல! பங்க் பெட். மேல் பெட் மாமாவுக்குத்தான்" என்றேன் பெருமையாக. மேல் கட்டில் கேட்டு வீட்டில் தினமும் போராடிக்கொண்டிருந்தவள் நான்.

"லீவு எப்பக் குடுப்பாங்க?"

"டூ இயர்ஸ்க்கு ஒன்ஸ். ஆனா டூ மன்த்ஸ் ஃபுல்லா! எங்க ஸ்கூல் லீவு மாதிரி."

"கல்யாணம் ஆனா, பொண்ணை அங்கே கூட்டிட்டு வருவாரா?"

"கேம்ப்ல லேடீஸ் மாஃபி, கிடையாது" என்றேன்.

அவ்வளவுதான், மறுமுனையில் சத்தமே இல்லை. கார்டில் பணம் தீர்ந்து லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். வெகு நேரம் கழித்து, சிரிப்பெல்லாம் வடிந்துபோன குரலில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சரி."

போன் வைக்கப்பட்டது. பேச்சை முடிக்கும்போது எல்லோரும் சொல்கிற சரிதான் என்று நினைத்தேன்.

"என்னடி சொன்னா?" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சரின்னாங்க."

"எதுக்குச் சரின்னா?"

"எல்லாத்துக்கும்" என்றேன், வேறு பதில் தெரியாமல்.

மறுநாள் பெண்ணின் அப்பாவே கூப்பிட்டு, அவ முடிவு பண்ணிட்டா, நாள் பாருங்க என்றார். பால்கனிக்கும் ஹாலுக்குமாக மாமா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு ஒரு முழுப் பெட்டி சாக்லேட் கிடைத்தது. பாசியையும் விரிசலையும் பற்றி நான் அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னதால்தான் அத்தைக்கு மாமாவைப் பிடித்துப்போனது என்று வெகுகாலம் சொல்லித் திரிந்தேன். நடுவில் ஏன் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை என்று யாராவது கேட்டால், அது கார்டின் கோளாறு என்பேன்.